தாளா, இணையமா: சமூக மன்ற வகுப்புக்கு எது ஆள் சேர்க்கிறது?

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் தொண்டூழியராக இருக்கிறேன். கோலம், சிலம்பம், மூத்தோருக்கான யோகா என எந்த வகுப்பைத் தொடங்கினாலும் முதல் கூட்டத்தில் ஒரே கேள்விதான்: விளம்பரத்துக்கு இருக்கும் கொஞ்சப் பணத்தை அச்சகத்துக்குக் கொடுப்பதா, ஃபேஸ்புக்குக்குக் கொடுப்பதா?

வேகத்தில் இணையத்தைத் தாள் எட்டிப்பிடிக்க முடியாது. ஒருமுறை துண்டுப்பிரசுரம் அச்சாகி வந்த பிறகு வகுப்பு சனியிலிருந்து ஞாயிறுக்கு மாறிவிட்டது. முந்நூறு தாளிலும் புது நாளை ஒட்டி முடிக்க இரண்டு மாலைப்பொழுதுகள் போயின. இணையத்தில் அது ஒரு நிமிட வேலை. பதிவும் அங்கேயே முடிகிறது. சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகத்தின் ஒன்பிஏ இணையத்தளத்தில் கட்டணம் கட்டி இடம் பிடித்துவிடலாம். பிள்ளைகளுக்கான சிலம்ப வகுப்பு அப்படித்தான் நிறைந்தது. ஓர் அம்மா பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார், அவ்வளவுதான். அந்த வகுப்புக்கு இனி ஒரு தாள்கூட அச்சிட வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிட்டேன்.

மூத்தோர் விஷயம் வேறு. அவர்களுக்குக் கைப்பேசி தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பேரப்பிள்ளைகளோடு தினமும் காணொளியில் பேசுகிறவர்கள் அவர்கள். தயங்க வைப்பது மோசடி பயம். தெரியாத இணைப்பைத் தட்டாதீர்கள் என்று காவல்துறையும் வங்கிகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவர்களும் கேட்டு நடக்கிறார்கள். "தம்பி, ஏதோ லிங்க் வந்துச்சு, அழிச்சிட்டேன்" என்றார் ஒரு பாட்டி. அவர் செய்தது சரி. நாங்கள் அனுப்பிய விதம்தான் தவறு.

அதே செய்தி அடுக்குமாடிப் புளோக்கின் கீழே, மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் இருந்தால் நம்புகிறார்கள். அனுமதியில்லாமல் அதில் எதுவும் ஏறாது என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம். மின்தூக்கிக்காக நிற்கும் அந்த நேரத்தில் வேறு எதைப் படிக்கப் போகிறோம்? அஞ்சல் பெட்டியில் போடும் தாளுக்கு இந்த மதிப்பு இல்லை. பல நாள் அது பெட்டியிலிருந்து நேரே குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவை நிறுத்தலாம்.

அப்புறம் தமிழ். நான்கு மொழிச் சுவரொட்டியில் தமிழுக்குக் கடைசி மூலை, மிகச் சிறிய எழுத்து. எழுத்துரு சரியில்லையென்றால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று பிரிந்து நிற்கும். திரையில் என்றால் உடனே திருத்தலாம், தாளில் அந்தப் பிழை மாதக்கணக்கில் தொங்கும். அதனால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் எதுவும் அச்சுக்குப் போகக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எது வேலை செய்தது என்று கண்டுபிடிப்பதில் இணையம் எளிது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டிவிடும். ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் வருவதில்லை. முகப்பில் பதிய வருகிறவரிடம் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வதை நான் அதிகம் நம்புகிறேன்.

அடுத்த யோகா வகுப்புக்கு முழுப் பணமும் சுவரொட்டிக்குத்தான். மேலே பெரிய தமிழ் எழுத்தில் நாளும் நேரமும், அதன் கீழே மன்றத்தின் தொலைபேசி எண். கியூஆர் குறியீடு ஓரத்தில் இருக்கட்டும், மகளோ மருமகளோ பதிந்து கொடுப்பார்கள்.