பந்தைத் தொடாதவர்களைப் பார்க்க ஒரு சந்தா: என்எஃப்எல் பிளஸ் பிரீமியத்தின் பயிற்சியாளர் காணொளி

அமெரிக்கக் கால்பந்தின் தொலைக்காட்சி ஒளிபரப்பு பந்தை விட்டுக் கண்ணெடுப்பதில்லை. குவார்ட்டர்பேக் பந்தை வீசியதும் கேமராவும் அதோடு போய்விடுவதால், அந்த வீச்சுக்கு வேண்டிய இரண்டு மூன்று நொடி அவகாசத்தைத் தன் உடம்பால் பெற்றுத் தந்த ரன்னிங் பேக்கையோ (பந்தோடு ஓடுபவர்) டைட் எண்டையோ (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) நாம் பார்ப்பதே அரிது. அவர்களைப் பார்க்க வழி செய்கிறது என்ற ஒரு காரணத்துக்காகவே, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் இணையச் சேவையான என்எஃப்எல் பிளஸின் பிரீமியம் சந்தாவை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். நேரலை, ரெட்ஸோன் (பல ஆட்டங்களின் முக்கியத் தருணங்களுக்குத் தாவித் தாவிக் காட்டும் அலைவரிசை) முதலிய மற்ற வசதிகள் இந்த விமர்சனத்தின் எல்லைக்குள் வரவில்லை.

'ஆல்-22' என்று அழைக்கப்படும் பயிற்சியாளர் காணொளியில் ஒவ்வொரு ஆட்ட நகர்வும் இரண்டு கோணங்களில் வருகிறது. பக்கவாட்டில் உயரத்திலிருந்து இருபத்திரண்டு வீரர்களையும் காட்டுவது ஒன்று. மைதானத்தின் முனையிலுள்ள எண்ட் ஸோனுக்குப் பின்னாலிருந்து, முன்வரிசையில் மோதும் லைன்மேன்களை நெருக்கமாகக் காட்டுவது மற்றொன்று. அணிகளுக்குள்ளேயே புழங்கிவந்த இந்தப் படச்சுருள் 2012-இல்தான் சந்தா செலுத்தும் ரசிகர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2022-இல் என்எஃப்எல் பிளஸ் தொடங்கியபோது பிரீமியத்தின் மாதக் கட்டணம் 9.99 டாலராக இருந்தது. மறு ஆண்டு ரெட்ஸோனையும் சேர்த்து 14.99 டாலராக உயர்த்தினார்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பாட்டத்தைக் கற்க விரும்புபவருக்கு எண்ட் ஸோன் கோணம் ஒன்றே அந்தப் பணத்துக்கு ஈடாகும் என்பது என் கருத்து.

அந்தக் கோணத்தில் முதலில் கண்ணில் படுவது கணக்கு. தாக்கும் அணியின் பதினொரு பேரில் குவார்ட்டர்பேக்கையும் ஐந்து லைன்மேன்களையும் கழித்தால் மீதி ஐவர். குவார்ட்டர்பேக்கைத் தாக்க எதிரணி ஆறு பேரை அனுப்பினால் ரன்னிங் பேக் நின்று தடுக்க வேண்டும். ஏழு பேர் வந்தால் டைட் எண்டும் நிற்க வேண்டும். அவ்வாறு இருவரும் நின்றுவிட்டால் பந்து பிடிக்க ஓடுபவர்கள் மூவர் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு கூடுதல் தடுப்பாளரும் ஒரு ரிசீவரை விலையாகக் கொடுத்துப் பெறப்படுகிறார். பயிற்சியாளர் அந்த விலையை எப்போது கொடுக்கிறார், எப்போது மறுக்கிறார் என்பதை நகர்வுக்கு நகர்வு தொடர்ந்து பார்க்க முடிவது இச்சேவையின் பெரும்பயன்.

காட்சியை ஸ்னாப்பில், அதாவது பந்து குவார்ட்டர்பேக்கிடம் தரப்பட்டு நகர்வு தொடங்கும் கணத்தில் நிறுத்தி, ரன்னிங் பேக்கின் முதல் அடியை மட்டும் கவனியுங்கள். லைன்மேன்கள் ஒரு பக்கமாக நகர்ந்து தடுக்கும் ஏற்பாட்டில், மறுபக்கத்து லைன்பேக்கர்கள் (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) பெரும்பாலும் அவர் பொறுப்பு. அவர் பார்வை உள்ளிருந்து வெளியே செல்ல வேண்டும். ஏனெனில் நடுவே புகுந்து வருபவனுக்குத்தான் குவார்ட்டர்பேக்கை அடையும் தூரம் குறைவு. உள்ளே யாரும் வரவில்லை என்றால் வெளியே பார்க்க வேண்டும், அங்கேயும் வரவில்லை என்றால் குறும்பாஸ் வாங்க ஓடிவிட வேண்டும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடக்கிறது. நல்ல தடுப்பாளர் வருபவனுக்காகக் காத்து நிற்பதில்லை; முன்னே ஏறி, முழங்காலை மடக்கி, கைகளை அவன் மார்புக்குள் வைத்து, நகர்வு தொடங்கும் கோட்டுக்கு அருகிலேயே மோதிக்கொள்கிறார். ரன்னிங் பேக்குகளான ஃபிராங்க் கோரும் எஸீக்கியல் எலியட்டும் பந்தோடு ஓடியதற்காகக் கொண்டாடப்பட்ட அளவுக்கு இந்த வேலைக்காகவும் மதிக்கப்பட வேண்டியவர்கள்.

அந்த ஒரு நொடி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 பிப்ரவரி 5 அன்று அட்லாண்டாவுக்கும் நியூ இங்கிலாந்துக்கும் நடந்த சூப்பர் பௌல் இறுதிப் போட்டி சாட்சி. நான்காம் கால்பகுதியில் எட்டரை நிமிடங்கள் மீதி. அட்லாண்டா 28-12 என்று முன்னிலையில் இருந்தது. மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு யார்டு. விளிம்பிலிருந்து பாய்ந்த நியூ இங்கிலாந்தின் டான்டா ஹைடவரை அட்லாண்டாவின் ரன்னிங் பேக் டெவான்டா ஃப்ரீமன் நேரத்தில் எட்டிப் பிடிக்கவில்லை. குவார்ட்டர்பேக் மேட் ரயனின் கையிலிருந்து பந்து நழுவியது. நியூ இங்கிலாந்து அதைக் கைப்பற்றி, சில நகர்வுகளில் 28-20 ஆக்கி, கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றது. நியூ இங்கிலாந்தின் எடல்மன் பிடித்த கேட்ச் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. எனக்கு இந்தத் தவறிய தடுப்புதான் அந்த ஆட்டத்தின் நெஞ்சம்.

டைட் எண்டின் கலை இன்னும் நுணுக்கமானது. குவார்ட்டர்பேக்கைத் தாக்குவதில் வல்லவரான மைல்ஸ் கேரட் போன்ற ஒருவர் விளிம்பில் நின்றால், டைட் எண்ட் போகிற போக்கில் அவரைத் தோளால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் ஓட்டத்தைத் தொடர்வார். இதை 'சிப்' என்கிறார்கள். தட்டு வெளிப்புறத்திலிருந்து அளவுக்கு மீறி விழுந்தால், டேக்கிள் (லைனின் ஓரத்தில் தடுக்கும் லைன்மேன்) எதிர்பாராத உள்வழியில் டைட் எண்டே எதிராளியைத் தள்ளிவிட்டதாகிவிடும். தயங்கினாலோ அவருடைய ஓட்டம் தாமதமாகி, குவார்ட்டர்பேக் தேடும் நேரத்தில் அவர் இருக்க மாட்டார். டைட் எண்ட் ஜார்ஜ் கிட்டில் விளையாடும் நகர்வுகளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், கால் வைக்கும் கோணம் புரியும். 2021 சூப்பர் பௌலில் இரு தொடக்க டேக்கிள்களும் இல்லாத கான்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் 29 முறை நெருக்கடிக்குள்ளானார். எதிரணியான டாம்பா பே அன்று மிகக் குறைவாகவே பிளிட்ஸ் (வழக்கமான நால்வருக்கு மேல் தாக்க ஆள் அனுப்புவது) அனுப்பியது. நடுவே பிளிட்ஸைத் தேடும் பேக்கைவிட, விளிம்பில் சிப் கொடுப்பவரே அத்தகைய நாளில் கூடுதலாகத் தேவைப்படுகிறார்.

குறைகளும் உண்டு. இந்தக் காணொளியில் ஒலி இல்லை. நடு லைன்பேக்கர் யார் என்று குவார்ட்டர்பேக் கையை நீட்டிக் காட்டுவது தெரியலாம், சொன்னது கேட்காது. பல காட்சிகள் ஸ்னாப்புக்குச் சற்று முன்தான் தொடங்குவதால் அதற்கு முந்தைய இடமாற்றங்கள் விடுபட்டுப் போகின்றன. யாருக்கு எந்தப் பொறுப்பு என்று படம் சொல்வதுமில்லை. ஒருவன் தடையின்றி வந்துவிட்டான் என்பதற்காகப் பேக்கின் மீது பழி போடுவதற்கு முன், லைன் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்துவிடுவது நியாயம்.

பக்கவாட்டுக் கோணத்தில் வீரர்கள் மிகச் சிறியவர்களாகத் தெரிவதால் கைபேசி இதற்கு உதவாது. பெரிய திரை வேண்டும். குறைந்த கட்டணமுள்ள சாதாரண என்எஃப்எல் பிளஸ் சந்தா நான் பரிந்துரைப்பது அன்று. பணம் கட்டும்போது பிரீமியத்தைத் தேர்ந்தெடுங்கள்.