குவாட் இன்ஜின் பார்ட்ஸ்: ஹோண்டா 400 இ.எக்ஸா, சுசுகி எல்.டி.இசட் 400ஆ, எதுக்கு எந்த வருஷத்துது பொருந்தும்?

தென்னாப்பிரிக்காவில, டர்பனுக்கு வடக்க இருக்கற ஸ்டேங்கர் பக்கத்துல பெரியப்பாவோட கரும்புத் தோட்டத்துல ரெண்டு குவாட் (கரடுமுரடான பாதையில ஓட்டற நாலு சக்கர பைக்) நிக்குது. ஒண்ணு ஹோண்டா டி.ஆர்.எக்ஸ் 400 இ.எக்ஸ், 2003 மாடல். இன்னொண்ணு சுசுகி எல்.டி.இசட் 400, 2006 மாடல். போன வெட்டு சீசன்ல ரெண்டுமே நீலப் புகை விட ஆரம்பிச்சிடுச்சு, அதாவது இன்ஜின் ஆயில் சேர்ந்து எரியுது. கரும்பைக் கொளுத்தும்போது பறக்குற சாம்பலும் தோட்டப் பாதை தூசியும் சேர்ந்து ஏர் ஃபில்டர்ல ஏறுது, அதை அடிக்கடி கழுவி எண்ணெய் போடாம ஓட்டுனா பிஸ்டன் ரிங் தேயறதுக்கு அதுவே போதும். ரெண்டையும் ஒரே நேரத்துல பிரிச்சு வேலை பார்க்கக் காசு இல்ல, "எதுக்கு பார்ட்ஸ் சீக்கிரம் கிடைக்குமோ அதை முதல்ல எடுத்துப் பண்ணுப்பா"ன்னு பெரியப்பா சொல்லிட்டார், அதனால ரெண்டு வாரமா பார்ட் நம்பர் பட்டியலும் கையுமா உட்கார்ந்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அதுக்கு முன்னாடி நான் பட்டதைச் சொல்லிடறேன், இல்லன்னா நான் ஏன் வருஷத்தை வச்சு பார்ட் வாங்காதீங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னு புரியாது. முன்ன என்கிட்ட ஒரு ஹோண்டா டி.ஆர்.எக்ஸ் 450 ஆர் இருந்துச்சு, பேப்பர்ல 2006னு இருந்துச்சு, அதை நம்பி பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் எல்லாம் ஆர்டர் பண்ணேன், கடைக்காரரும் "450 ஆர்னா எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னார். வந்தது 96 மி.மீ. பிஸ்டன், என் சிலிண்டர் 94. 2004லயும் 2005லயும் வந்த 450 ஆர்ல போர் (சிலிண்டரோட உள்விட்டம்) 94 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 64.8. 2006லேர்ந்து போர் 96, ஸ்ட்ரோக் 62.1. ரெண்டுமே கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 450 சி.சி.தான் வரும், வெளியிலேர்ந்து பார்த்தா பேரும் ஒண்ணு, ஆனா பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் எதுவும் மாத்திப் போட முடியாது. என் வண்டி 2005 மாடல், ஷோரூம்ல கிடந்து 2006லதான் ரெஜிஸ்டர் ஆகியிருக்கு. பாக்கெட் பிரிச்சிட்டதால திருப்பி எடுக்கவும் மாட்டேன்னுட்டாங்க, அந்தப் பிஸ்டன் இன்னும் என் அலமாரியில இருக்கு. செல்ஃப் ஸ்டார்ட் பட்டன் இருந்தா அது 2006 அல்லது அதுக்குப் பிந்தினதுன்னு தைரியமா சொல்லலாம், கிக் மட்டும் இருந்தா அதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, கிக் மாடல் 2006க்கு அப்புறமும் வந்துச்சு. வெர்னியர் வச்சு அளந்து பாருங்க.

சரி, நம்ம ரெண்டு வண்டிக்கு வரேன்.

400 இ.எக்ஸ் 1999ல வந்துச்சு, 2009ல பேரை 400 எக்ஸ்னு மாத்தினாங்க, 2014 வரைக்கும் வந்துச்சு. போர் 85, ஸ்ட்ரோக் 70, 397 சி.சி., ஏர் கூலிங், ரேடியேட்டரும் கிடையாது வாட்டர் பம்பும் கிடையாது. இதுல மனசுக்கு நிம்மதி தர்றது என்னன்னா மேல்பாதி, அதாவது பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட், அத்தனை வருஷமும் ஒரே குடும்பம்தான். மாறினது கீழ்ப்பாதி. 2005ல ரிவர்ஸ் கியர் சேர்த்தாங்க, அதனால கிராங்க் கேஸும் கியர்பாக்ஸும் வேற ஆயிடுச்சு, ஃபுல் கேஸ்கெட் செட் வாங்கும்போது 2004 வரைக்கும் ஒண்ணு, 2005லேர்ந்து இன்னொண்ணுன்னு பார்த்து வாங்கணும். இந்த இன்ஜினுக்கு மூலம் எக்ஸ்.ஆர் 400 ஆர் பைக், 1996லேர்ந்து 2004 வரைக்கும் வந்துச்சு, அதுவும் 85 மி.மீ. போர்தான், ஆஃப்டர் மார்க்கெட் (வேற கம்பெனி செய்யற) பிஸ்டன் பல ரெண்டுக்கும் ஒண்ணாவே வருது. ஆனா பைக்ல கம்ப்ரஷன் (பெட்ரோல் காத்துக் கலவையை எத்தனை மடங்கு அழுத்துதுங்கற கணக்கு) 9.3, குவாட்ல 9.1, அதனால ஒரிஜினல் பிஸ்டனைப் பைக்லேர்ந்து தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நம்பரை ஒத்துப் பாருங்க. முழு இன்ஜினையும் மாத்தலாம்னு நினைக்காதீங்க, அந்தப் பைக்ல கிக் மட்டும்தான், ஆயில் ஃபிரேமுக்குள்ள நிக்கும், இ.எக்ஸ்ல தனி ஆயில் டேங்க். அந்த டேங்க் பத்தி ஒரு வார்த்தை: இன்ஜின் உள்ள ஏதாவது உடைஞ்சு இரும்புத்தூள் ஓடியிருந்தா டேங்க்லயும் பைப்லயும் தங்கியிருக்கும், அதைக் கழுவாம புது பிஸ்டன் போட்டா காசு தண்ணியில போட்ட மாதிரிதான்.

எல்.டி.இசட் 400 வேற மாதிரி. 2003ல வந்துச்சு, போர் 90, ஸ்ட்ரோக் 62.6, 398 சி.சி., வாட்டர் கூலிங், மேல வால்வைத் திறக்கற கேம்ஷாஃப்ட் ரெண்டு, ஓட்டிப் பார்த்தா இ.எக்ஸை விட நல்லா இழுக்கும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. இதுக்கு ஒரு பெரிய வரம், அண்ணன் தம்பி வண்டிங்க. கவாசாகி கே.எஃப்.எக்ஸ் 400ம் அமெரிக்காவில ஓடுற ஆர்க்டிக் கேட் டி.வி.எக்ஸ் 400ம் உள்ளுக்குள்ள இதே இன்ஜின்தான், கவாசாகி டப்பாவுல வேற நம்பர் போட்டிருப்பாங்க, உள்ள இருக்கறது அதே சாமான். அதனால ஸ்கிராப்யார்டுல பச்சைக் கலர் கவாசாகி கிடந்தாலும் தாண்டிப் போயிடாதீங்க. கே.எஃப்.எக்ஸ் 450 ஆர் மட்டும் இந்தக் குடும்பம் இல்ல, அது கவாசாகியோட சொந்த இன்ஜின். டி.ஆர்.இசட் 400 பைக்கும் இந்த வம்சம்தான், ஆனா அதுல இ மாடல் பிஸ்டன் 12.2 கம்ப்ரஷன், எஸ் மாடலும் நம்ம குவாடும் 11.3. டி.ஆர்.இசட் பிஸ்டன்னு மட்டும் சொல்லி யாராவது வித்தா எந்த மாடல்னு கேட்காம வாங்காதீங்க. வருஷத்துல பெரிய கோடு 2009, அன்னிக்கு கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துச்சு, 2008 வரைக்கும் இருக்கற வண்டிக்கு 2008 வரைக்கும் உள்ளதையே தேடறது நல்லது. கேம் செயின் டென்ஷனர் (கேம்ஷாஃப்டை ஓட்டற செயினை இறுக்கி வைக்கிற சாமான்) இதுல பலவீனம்னு ஊருக்கே தெரியும், பிரிச்ச கையோட மேனுவல் டென்ஷனர் போட்டுடுங்க.

இது வரைக்கும் பார்த்தா ரெண்டும் சமமாத்தான் தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. சிலிண்டர்தான் முடிவைச் சொல்லிச்சு. இ.எக்ஸ்ல சிலிண்டருக்கு உள்ள இரும்பு ஸ்லீவ் (உள்குழாய்), தேஞ்சா டர்பன்ல எந்த லேத் பட்டறையிலயும் போர் பண்ணி (உள்பக்கத்தைக் கொஞ்சம் பெருசாக் கடைஞ்சு) 0.25, 0.50 மி.மீ.னு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கலாம். எல்.டி.இசட்ல அலுமினியம் சிலிண்டருக்கு உள்ள நிக்கல் கோட்டிங், கோடு விழுந்து கோட்டிங் போயிடுச்சுன்னா சாதாரணமா போர் பண்ண முடியாது, திரும்ப கோட்டிங் போட அனுப்பணும், இல்ல ஸ்லீவ் இறக்கணும், இல்ல வேற சிலிண்டர் வாங்கணும். பெரியப்பாவோட எல்.டி.இசட்ல நான் ஹெட்டைத் தூக்கிப் பார்த்தேன், விரல் நகத்துல மாட்டுற அளவுக்கு கோடு. அதனால முதல்ல இ.எக்ஸ்தான். சிலிண்டர் சுத்தமா இருந்திருந்தா கண்ண மூடிட்டு எல்.டி.இசட்டைச் சொல்லியிருப்பேன்.

யமஹா வச்சிருக்கறவங்களுக்குச் சுருக்கமா: ராப்டர் 660 (2001 முதல் 2005) போர் 100, ஸ்ட்ரோக் 84, 2006ல வந்த ராப்டர் 700 போர் 102, ஸ்ட்ரோக் 84, ஸ்ட்ரோக் ஒண்ணுங்கறதால ஏமாறாதீங்க, 660ல அஞ்சு வால்வு, 700ல நாலு, இன்ஜினே வேற. ஒய்.எஃப்.இசட் 450க்கும் 2009 ஒய்.எஃப்.இசட் 450 ஆருக்கும் போர் ஒரே 95, ஆனா ஸ்ட்ரோக் 62ம் 63.4ம், ஒண்ணோட பிஸ்டனை இன்னொண்ணுல மாத்திப் போட முடியாது.

நம்பர் படிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ஹோண்டாவுல முதல் அஞ்சு எண் அது என்ன சாமான்னு சொல்லும், 13101னா பிஸ்டன், நடுவுல மூணு எந்த மாடலுக்காக முதல்ல செஞ்சாங்கன்னு, எச்.என்.1னா 400 இ.எக்ஸ், கடைசி மூணு எத்தனாவது மாற்றம்னு. யமஹாவுல தலைகீழ், மாடல் முதல்ல, சாமான் அப்புறம், 11631 பிஸ்டன். ரெண்டு வருஷத்துக்கும் ஒரே முழு நம்பர் வந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம், கடைசி மூணு மட்டும் வேறன்னா பழைய நம்பருக்குப் பதிலா புதுசு வந்திருக்கான்னு பார்ட்ஸ் கவுன்டர்ல கேளுங்க.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க, 2001 கடைசியில இங்க கடற்கரையில வண்டி ஓட்டத் தடை போட்டாங்களே, அதுக்கு முன்னாடி மணல்ல ஓடின பழைய குவாட் இன்னும் கைமாறிட்டே இருக்கு, உப்புக்காத்துல அலுமினியத்தோட போல்ட் ஒட்டிப் போயிருக்கும், கழட்டும்போதே கேஸ் விரிசல் விடும். ஏற்கெனவே போர் பண்ண இ.எக்ஸும் நிறைய இருக்கு, பிஸ்டன் தலையில 0.50னு ஏதாவது எண் குத்தியிருக்கான்னு பார்க்காம ரிங் வாங்கிடாதீங்க.

எல்.டி.இசட்டோட சிலிண்டர்ல எண்ணெய் தடவி ஹெட்டைத் திரும்ப மூடி தார்ப்பாய் போட்டு வச்சிருக்கேன். இ.எக்ஸுக்கு பிஸ்டன் ஆர்டர் போட்டாச்சு, சிலிண்டர் இன்னும் வீட்லதான், பிஸ்டன் கைக்கு வந்து அதை மைக்ரோமீட்டர்ல அளந்த பிறகுதான் போர் பண்ணுவேன்னு பட்டறை அண்ணன் கறாராச் சொல்லிட்டார், அது சரியான பேச்சு.