ஃபிளாஷ் கார்டு செயலி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

உடலியங்கியல் படிக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் ஃபிளாஷ் கார்டு (கேள்வி-விடை அட்டை) செயலிக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டார். மறக்கப்போகும் தறுவாயில் கேள்வியைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலையை அது பிசகாமல் செய்கிறது. அதன் அடிப்படையும் வலுவானது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்துக் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஹார்மோன்களின் பெயர்களும் அவை சுரக்கும் இடங்களும் இன்றுவரை தடுமாறாமல் எனக்கு வருவதற்கு இச்செயலியே காரணம்.

என்னை விடாமல் எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. 'ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் என்ன செய்கிறது?' என்ற அட்டைக்கு, சோடியத்தைத் தக்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும் என்ற விடை, கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே வந்துவிடுகிறது. ஆனால், உயர் இரத்த அழுத்தமும் குறைந்த பொட்டாசியமும் உள்ள ஒருவருக்கு எந்த ஹார்மோன் மிகுந்திருக்கலாம் என்று வகுப்பில் கேட்கப்பட்டபோது, அதே செய்தி மனத்தில் எழவே இல்லை. ஒன்று மனத்தில் பதியும்போது உடனிருந்த குறிப்புகளே அதை மீட்கவும் உதவுகின்றன என்று உளவியலாளர்கள் டல்விங்கும் தாம்சனும் 1973-இலேயே விளக்கினார்கள். நீருக்கடியில் கற்ற சொற்கள் கரையில் இருக்கும்போதைவிட நீருக்கடியில்தான் நன்றாக நினைவுக்கு வந்தன என்பதை, 1975-இல் முக்குளிப்போரைக் கொண்டு காடனும் பேட்லியும் காட்டினார்கள். என் விடையும் அந்த அட்டையின் சொற்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அழுத்தும் 'எளிது' பொத்தானை மட்டுமே அறிந்த செயலி, அந்த அரைகுறை நினைவைப் பல மாதங்களுக்கு அப்பால் தள்ளிவிட்டு, 'தேர்ச்சி' என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. அடுத்து எப்போது கேட்பது என்று கணக்கிடும் முறையைக் குறை சொல்வது நியாயமன்று; அந்தப் பச்சைப் பட்டையை வைத்தவர்களைத்தான் மன்னிக்க மனம் வரவில்லை.

இப்போது ஒரே செய்தியை மூன்று திசைகளிலிருந்து கேட்கும் அட்டைகளை நானே எழுதுகிறேன்: என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, அளவு மிஞ்சினால் உடலில் என்ன தெரியும். எழுதும்போது எடுக்கும் உழைப்பில்தான் பாடம் பதிகிறது. பிறர் தயாரித்த தொகுப்புகளில் அந்த உழைப்புக்கு இடமில்லை. செயலியோ அவற்றைத்தான் முகப்பில் அடுக்கி வைத்திருக்கிறது.

ஆகவே, இவ்வளவு பயன் பெற்ற பின்னும், இப்போதைக்கு வேண்டாம் என்றே நண்பருக்குப் பதில் எழுதினேன். முதல் பருவம் முழுவதும் அவர் வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்து, காரணங்களை இணைத்துப் பழகட்டும். என் சந்தாவை நான் புதுப்பிக்கத்தான் போகிறேன்; பெயர்களையும் அளவுகளையும் மறக்காமல் காக்க இதைவிட நல்ல கருவி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.