ரிலேயா, ராலியா, இஷ்டப் பாதையா? மீனம்பாக்கத்திலிருந்து சிமுலேட்டரில் உலகைச் சுற்றும் போட்டிக்கு எது ஒத்துவரும்

சென்னையில் விமான சிமுலேட்டரில், அதாவது கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளில், பறக்கும் ஆர்வலர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒன்று சேர்ந்தால், "மீனம்பாக்கத்தில் கிளம்பி உலகத்தைச் சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்குவோம்" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஆசை நல்ல ஆசைதான். எந்த வடிவத்தில் நடத்துவது என்று யோசிக்காமல் ஆரம்பிப்பதால்தான் இப்படிப்பட்ட போட்டிகள் பாதியில் நின்றுபோகின்றன.

நடைமுறையில் மூன்று வடிவங்கள் உண்டு. அணியாகச் சேர்ந்து ஒருவர் இறங்கியதும் அடுத்தவர் கிளம்பும் ரிலே. எல்லோரும் ஒரே பாதையில் வாரத்துக்கு ஒன்றிரண்டு லெக் (ஒரு விமான நிலையத்திலிருந்து அடுத்ததுவரையான பறப்பு) பறக்கும் ராலி. அவரவர் பாதையை அவரவரே வகுத்து, குறித்த நாளுக்குள் முடிக்கும் இஷ்டப் பாதை. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: விதவிதமான கணினிகளும் விதவிதமான அனுபவமும் உள்ள குழுவுக்கு ராலிதான் பொருத்தம். ரிலேயில் கிடைக்கும் பரபரப்பு வேறெதிலும் கிடைக்காது, ஆனால் அதற்கு ஆள்பலம் வேண்டும். இஷ்டப் பாதையை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதை "சுற்று" என்று ஒப்புக்கொள்வது

மூன்று வடிவத்துக்கும் இது பொது. சர்வதேச விமான விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. உலகச் சுற்றுச் சாதனைக்கு வைத்திருக்கும் அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம்: எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்க வேண்டும், கிளம்பிய இடத்திலேயே இறங்க வேண்டும், மொத்தத் தூரம் கடக ரேகையின் நீளத்துக்குக் குறையக் கூடாது. அது 36,787.559 கிலோமீட்டர். நாட்டிகல் மைலில் சுமார் 19,864. இனி மைல் என்று வருவதெல்லாம் நாட்டிகல் மைல்தான்.

தூர விதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கிருந்து வட துருவம் சுமார் 4,620 நாட்டிகல் மைல். நேராக அங்கே போய், துருவத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் அடித்துவிட்டுத் திரும்பினால் எல்லாத் தீர்க்கரேகையையும் தொட்டாயிற்று, பறந்ததோ 9,240 மைல்தான். கூட்டத்தில் ஒருவராவது இதைக் கண்டுபிடித்துவிடுவார். தூர விதியோடு, ஆர்க்டிக் வட்டமான 66 டிகிரி 33 நிமிடத்துக்கு வடக்கே போகக் கூடாது என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

திசை கிழக்கு. நிஜ வானிலையை இயக்கிப் பறந்தால், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் ஸ்ட்ரீம் முதுகில் கைவைத்துத் தள்ளும். குளிர்காலத்தில் வட பசிபிக்கின் மேல் அது இன்னும் வலுவாக இருக்கும். தேதிக்கோட்டைக் கிழக்கே கடக்கும்போது ஒரே தேதி இரண்டு முறை வரும் என்பதால், பதிவுகள் எல்லாம் உலகப் பொது நேரமான யுடிசியிலேயே இருக்கட்டும். நம் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் அந்த அரை மணியைக் கூட்ட மறந்துதான் பல சண்டைகள் வரும்.

விமானம்: செஸ்னா 172 சென்னையைத் தாண்டாது

புதியவர்களுக்கு இணக்கமானது, எல்லா சிமுலேட்டரிலும் இருப்பது என்று செஸ்னா 172 என்ற சிறிய ஒற்றை இன்ஜின் விமானத்தைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அதன் தூர வீச்சு சுமார் 640 நாட்டிகல் மைல். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 740. முதல் லெக்கிலேயே வங்காள விரிகுடாவில் விழ வேண்டியதுதான். விசாகப்பட்டினம், கொல்கத்தா, யாங்கோன் என்று கரையோரமாகச் சுற்றிப் போய்விட்டாலும், கனடாவின் கூஸ் பேயிலிருந்து கிரீன்லாந்தின் நார்சர்சுவாக் சுமார் 675 மைல், அங்கிருந்து ரெய்க்யாவிக் மறுபடி கிட்டத்தட்ட அதே தூரம். பின்காற்றை நம்பி மட்டும் புறப்படக் கூடாத இடம் அது. நார்சர்சுவாக் ரன்வே மலைகளுக்கு நடுவே, ஃபியோர்டு எனப்படும் குறுகிய கடல் நீட்சியின் கோடியில் இருக்கிறது. மேகம் இறங்கிவிட்டால் மாற்று விமான நிலையமான நூக் இன்னும் 250 மைல்.

பசிபிக்கில் நிலைமை இன்னும் கறார். சான் பிரான்சிஸ்கோ–ஹொனலூலு 2,080 மைலுக்கு மேல், நடுவில் இறங்க ஒரு திட்டு கிடையாது. இரட்டை டர்போபிராப் விமானமான கிங் ஏர் 350-இன் வீச்சே சுமார் 1,800 தான். ஆகவே ஜெட் அல்லாத எந்தப் போட்டிக்கும் வடக்குப் பாதையே கதி: ரஷ்யாவின் பெட்ரோபாவ்லோவ்ஸ்கிலிருந்து அலாஸ்காவின் ஷெம்யா 565, ஷெம்யா–அடாக் 340, அடாக்–கோல்ட் பே 535, பிறகு ஆங்கரேஜ். 1924-ல் அமெரிக்க ராணுவத்தின் டக்ளஸ் வேர்ல்ட் குரூஸர் விமானங்கள் 175 நாளில் முதன்முதலாக உலகைச் சுற்றியபோதும் அலூஷியன் தீவுகள் வழியாகத்தான் பசிபிக்கையும், ஐஸ்லாந்து–கிரீன்லாந்து வழியாகத்தான் அட்லாண்டிக்கையும் கடந்தன.

ராலிக்கு எங்கள் தேர்வு ஒற்றை இன்ஜின் விமானமான போனன்சா ஜி36. வீச்சு சுமார் 900 மைல், வேகம் 170 நாட்டை (நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிகல் மைல்) ஒட்டி. ஜப்பானின் சப்போரோவிலிருந்து நேரே பெட்ரோபாவ்லோவ்ஸ்க் போனால் 900 ஆகிவிடும், கை மீறும். ரஷ்யாவின் யூஷ்னோ-சகாலின்ஸ்க் போய்க் கிளம்பினால் 700 சொச்சம், நிம்மதியாகப் போகலாம். ரிலேக்குக் கிங் ஏர் 350: 300 நாட்டில் போகும், லெக் நீளமாக வைக்கலாம், ஆட்டோபைலட்டும் தொல்லை தராது.

ரிலே: பொங்கலுக்குப் பொருந்தும்

கணக்கைப் பாருங்கள். 19,864 மைலை 300 நாட்டில் பறந்தால் 66 மணி நேரம். ஆயிரம் மைலுக்கு ஒரு லெக் என்றால் இருபது லெக். நடுவில் பத்தொன்பது கைமாற்றம், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 71 மணி, ஏறக்குறைய மூன்று நாள். போகி அன்று காலை கிளம்பினால் காணும் பொங்கல் காலையில் மீனம்பாக்கத்தில் சக்கரம் படும். ஏழு பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று லெக்குக்கு மிகாது, ஒவ்வொன்றும் மூன்றரை மணி. போட்டி என்றால் இரண்டு அணியாவது வேண்டும், ஆக பதினான்கு பேர். நள்ளிரவு ஒன்று முதல் ஐந்து வரையான லெக்குகளை நியூ ஜெர்ஸியிலோ லண்டனிலோ இருக்கும் நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டால் இங்கே இருப்பவர்கள் தூங்கலாம்.

போகிக் காலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நிஜ வானிலை இயக்கத்தில் இருந்தால் சென்னையின் புகையும் சிமுலேட்டருக்குள் வரும். 2018 போகியன்று புகைமூட்டத்தால் நிஜ விமானங்களே இறங்க முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். டேக்ஆஃபுக்கு ஓடுதளமே தெரியவில்லை என்றால் காத்திருக்க நேரும். எனவே தொடக்கத்தைக் காலை ஒன்பதுக்கு மேல் வையுங்கள்.

கைமாற்றத்தில்தான் ரிலே ஜெயிப்பதும் தோற்பதும். இறங்குபவர் பார்க்கிங்கில் இன்ஜினை நிறுத்திவிட்டு, குரல் குழுவில் விமான நிலையத்தையும் யுடிசி நேரத்தையும் அறிவிக்க வேண்டும். அதன் பிறகே அடுத்தவர் இன்ஜினைத் தொடலாம். அடுத்தவர் மூன்று மணி நேரம் முன்பே விமானத்தை ஏற்றிவைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, நேரம் ஆக ஆக சிமுலேட்டர் மூடிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். முன்னவர் இறங்க இருபது நிமிடம் இருக்கும்போது ஏற்றினால் போதும்.

நடுவானில் சிமுலேட்டர் மூடிக்கொண்டால்? "விட்ட இடத்திலிருந்து தொடரலாம்" என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் வாக்குவாதம். கடைசி விமான நிலையத்திலிருந்து மறுபடி கிளம்ப வேண்டும், கடிகாரம் நிற்காது என்பது கடுமையானது, ஆனால் தெளிவானது. கடுமையைக் குறைக்க, அணிக்கு இரண்டு முறை, தலா ஒரு மணி நேரம் கழிவு கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் கணினியைச் சரியாக வைத்திருப்பவருக்கு அநியாயம்.

இனி மின்சாரம். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டு முழுவேகத்தில் ஓடும் கணினியும் மானிட்டரும் சேர்ந்து 400 வாட்டைத் தாண்டினால், கரன்ட் போன நொடியே யுபிஎஸ்ஸும் கத்திவிட்டு அணைந்துவிடும். 1,100 விஏ வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் அதன் பின்பக்க ஸ்விட்ச்சை யுபிஎஸ் மோடில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சாதாரண மோடில் மாறும் இடைவெளியில் ஃபேன் நிற்காது, கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். எல்லோரும் ஒரே ஹாலில் கூடிப் பறப்பதென்றால், 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டிய ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று கணினிக்கு மேல் மாட்டாதீர்கள். அதன் எல்லையே 1,380 வாட். ஏசிக்குத் தனி லைன்.

ராலி: யாரையும் விட்டுவிடாத வடிவம்

ராலியில் வேகத்துக்குப் பரிசு கிடையாது, துல்லியத்துக்குத்தான். பறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் இரண்டு எண்களை அனுப்ப வேண்டும்: சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும்வரை எத்தனை நிமிடம், இறங்கும்போது டாங்கில் எத்தனை கேலன் மிஞ்சும். ஒரு நிமிட வித்தியாசத்துக்கு ஒரு புள்ளி, ஒரு கேலனுக்கு ஒரு புள்ளி. புள்ளி குறைந்தவர் முன்னிலை. சென்னை–போர்ட் பிளேர் 740 மைலைப் பவர் குறைத்து 155 நாட்டில் போவதாகத் திட்டமிட்டால் 4 மணி 46 நிமிடம். எதிர்காற்று பத்து நாட் இருந்தால் 5 மணி 6 நிமிடம். காற்றைப் படித்துக் கணக்குப் போடத் தெரிந்தவர் ஜெயிப்பார்.

இதனால் ஒரு பெரிய பிரச்சினை தானாகத் தீர்கிறது. ஐ.டி. வேலையில் இருப்பவர் சனி இரவு பறப்பார், கடை வைத்திருப்பவர் செவ்வாய் மதியம் பறப்பார். இருவருக்கும் காற்று வேறு. வேகப் போட்டியில் அது அநீதி. இங்கே அவரவர் காற்றை அவரவரே கணித்தாக வேண்டும் என்பதால் சமநிலை கெடாது. எக்ஸ்-பிளேனில் பறப்பவரும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பறப்பவரும் இலவசமான ஃப்ளைட்கியரில் பறப்பவரும் ஒரே பட்டியலில் நிற்கலாம்.

ஓட்டையும் உண்டு. சீக்கிரம் வந்துவிட்டவர் கடைசி ஐம்பது மைலில் வளைந்து வளைந்து பறந்து நேரத்தைச் சரிக்கட்டுவார். இதற்கு மருந்து ரகசியச் சோதனைப் புள்ளி. நடத்துபவர் பாதையின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு தீர்க்கரேகையை மனதில் குறித்து, லெக் முடிந்தபின்தான் அறிவிக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கடந்த நேரத்தையும் பறப்பவரின் திட்டத்தோடு ஒப்பிட வேண்டும். இதற்காகவே, முன்கூட்டி அனுப்பும் திட்டத்தில் ஒவ்வொரு வே பாயின்ட்டுக்கும் (பாதையில் குறித்த இடத்துக்கும்) நேரம் கேட்டு வாங்குங்கள்.

சரிபார்க்க லிட்டில் நேவ்மேப் என்ற வரைபட மென்பொருள் போதும். இலவசம். டேக்ஆஃபையும் லேண்டிங்கையும் தானே லாக்புக்கில் பதியும், பறந்த தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாகத் தரும். அந்த லாக்புக்கில் நிஜ நேரம், சிமுலேட்டர் நேரம் இரண்டும் அருகருகே இருக்கும். இரண்டும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் நேர்மையான பறப்பு. சிமுலேட்டர் நேரம் அதிகமாக ஓடியிருந்தால் வேகத்தைக் கூட்டிப் பறந்திருக்கிறார். நிஜ நேரம் அதிகமென்றால் நடுவில் சிமுலேட்டரை நிறுத்திவைத்திருக்கிறார், சாப்பாட்டுக்காக இருந்தால் மன்னிக்கலாம். எக்ஸ்பாக்ஸிலும் ஃப்ளைட்கியரிலும் பறப்பவர்களுக்கு இந்த மென்பொருளை நேரடியாக இணைக்க வழியில்லை. அவர்கள் திரையைப் பதிவுசெய்து தர வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

லேண்டிங் எவ்வளவு மென்மை என்று மதிப்பெண் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். சக்கரம் படும் வேகத்தை ஒவ்வொரு சிமுலேட்டரும் ஒவ்வொரு விதமாகக் காட்டும், ஒப்பிட முடியாது.

சராசரி 660 மைலுக்குச் சற்று மேல் என்று வைத்தால் முப்பது லெக். வாரம் இரண்டு என்றால் பதினைந்து வாரம். அதற்கு மேல் இழுத்தால் ஆர்வம் வடிந்துவிடும். கடைசி லெக்குகளைக் கராச்சி–அகமதாபாத்–மும்பை–பெல்லாரி–சென்னை என்று வையுங்கள். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, அங்கிருந்து பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் மதராசுக்கு ஓட்டிவந்த அதே தடம் அது. நம் ஊரில் முடிக்க இதைவிட நல்ல பாதை கிடையாது.

இஷ்டப் பாதை

சுதந்திரம் அதிகம், வேலையும் அதிகம். யார் குறைந்த மணி நேரத்தில் சுற்றினார் என்று பார்த்தால் ஜெட்காரர்தான் ஜெயிப்பார். ஆகவே பறந்த நேரத்தை விமானத்தின் கையேட்டு வேகத்தால் பெருக்கி ஒப்பிட வேண்டும். உடனே எல்லோரும், கையேட்டில் சொன்னதைவிட வேகமாக ஓடும் ஆட்-ஆன் (தனியாக வாங்கிச் சேர்க்கும்) விமானத்தைத் தேட ஆரம்பிப்பார்கள். அனுமதிக்கும் விமானங்களையும் அவற்றின் வேகத்தையும் முன்பே அட்டவணை போட்டுப் பூட்டாமல் இதில் இறங்காதீர்கள். பத்துப் பேர் ஆளுக்கு முப்பது லெக் என்றால் முந்நூறு கோப்புகளைத் திறந்து பார்க்க ஒருவர் முழு மனதோடு முன்வர வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் தாராளமாக நடத்தலாம்.

சிமுலேட்டரும் இணையமும்

ராலிக்கு எதுவானாலும் சரி. ரிலேயில் ஒரு அணி முழுவதும் ஒரே சிமுலேட்டரில் இருப்பது நல்லது. எக்ஸ்-பிளேன் 12-ல் கூடவே வருவது கிங் ஏர் சி90, மைக்ரோசாஃப்ட் பக்கம் 350, இரண்டும் ஒரே வேகம் அல்ல. மைக்ரோசாஃப்டின் 2024 பதிப்பு நிலப்பரப்பை மட்டுமல்ல, இன்னும் பலவற்றையும் இணையத்திலிருந்தே இழுக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஃபைபர் அறுந்து கிடக்கும் தெருவில் இருப்பவருக்கு, காட்சிகளை வட்டிலேயே வைத்திருக்கும் எக்ஸ்-பிளேன் கைகொடுக்கும். மற்றவர்கள் ஃபோட்டோகிராமெட்ரியை (புகைப்படங்களிலிருந்து உருவாக்கிய முப்பரிமாண நகரக் காட்சியை) அணைத்துவிட்டால் டேட்டா கணிசமாக மிச்சம்.

எந்த வடிவமானாலும், தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சென்னை–திருச்சி ஒரு சோதனை லெக் வையுங்கள். சுமார் 160 மைல், ஒரு மணி நேர வேலை. முன்கணிப்பு அனுப்புவது, லாக்புக் பதிவாவது, யுடிசி நேரம் சரியாக இருப்பது, ஜிபிஎக்ஸ் கோப்பு நடத்துபவர் கணினியில் திறப்பது என்று நான்கையும் அதில் பார்த்துவிடலாம். கோப்பு அனுப்பத் தடுமாறுபவரின் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கே சரிசெய்துகொடுங்கள். போர்ட் பிளேரில் இறங்கிய பிறகு பதிவே ஆகவில்லை என்று தெரிந்தால் அவர் ஐந்து மணி நேரத்தை மறுபடி பறக்க வேண்டியிருக்கும்.