தேர்தல் வேலைக்குச் சாப்பாடு: முனிச்சாலைப் பக்கம் போர்டு இல்லாத ஒரு மெஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்க் கறிதோசை சாப்பிட இடம் தேடுகிறவர்களுக்கு இந்த மெஸ் உதவாது. ஏ.சி. கிடையாது, போர்டு கிடையாது, வண்டி நிறுத்த இடமும் கிடையாது. முனிச்சாலையிலிருந்து உள்ளே போகிற சந்துகளில் ஒன்றில் ஒரு பழைய வீடு. கீழே சமையல்கட்டு, மொட்டைமாடியில் தகரக் கொட்டகை, நாலைந்து கோரைப்பாய். அவ்வளவுதான். ஆனால் தேர்தல் நேரத்தில் இருபது முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிற பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால், மதுரையில் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய ஆள் இந்த மெஸ் அக்காதான். வேட்பாளரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் டியூஷன் எடுக்கிறவள். 2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் ஏரியா பூத்துகளுக்கு வேலை பார்த்தவர்களை ஒருங்கிணைத்தது நான்தான். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சாம்பாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வந்தவர்கள் யாரும் காசுக்கு வந்தவர்கள் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள், சௌராஷ்டிரா அக்காமார் இரண்டு பேர், ஒரு ஷேர் ஆட்டோ அண்ணன், ரிட்டயர் ஆன தபால்காரர் ஒருவர், என் பழைய மாணவர்கள் சிலர்.

சும்மா வந்தவர்களை வைத்து வேலை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. கூலிக்கு வந்தவர் கூலிக்காகவாவது நிற்பார். இவர்கள் மனசு விட்டுப்போனால் அடுத்த நாள் போனை எடுக்க மாட்டார்கள், முடிந்தது. அதற்கு முந்தைய தேர்தலில் வேறு ஒரு கேட்டரிங்காரரிடம் சொல்லியிருந்தோம். பொதுக்கூட்டத்துக்கு வேனில் வந்த கூட்டத்துக்குச் சுடச்சுடப் பிரியாணி போனது. காலையிலிருந்து தெருத்தெருவாக ஸ்லிப் கொடுத்த எங்கள் பிள்ளைகளுக்கு ஆறிப்போன டீயும் ஆளுக்கு ரெண்டு பிஸ்கட்டும் வந்தன. ஒரு பையன் என்னிடம் கேட்டான், "டீச்சர், கூலிக்கு வந்தாத்தான் மரியாதையா?" அவன் கேட்டது பிரியாணியை இல்லை. இந்த முறை சாப்பாட்டு விஷயத்தை யாரிடமும் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன்.

அக்காவிடம் போனபோது "எத்தனை பேர்?" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. "வெயில்ல இருந்து எத்தனை மணிக்கு உள்ள வருவாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். மதுரை ஏப்ரல் வெயில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. காலை ஏழு முதல் பத்தரை வரை, பிறகு சாயங்காலம் நாலரை முதல் எட்டு வரை என்று சொன்னேன். அதற்குத் தக்கபடி அவரே பிரித்துக்கொடுத்தார். கிளம்பும் முன் டீயும் இட்லியும். பத்தரைக்குக் கம்மங்கூழ், சின்ன வெங்காயம், மோர்மிளகாய். மத்தியானம் அவரவர் வீடு. சாயங்காலம் நடுவில் ஒரு சுற்று நீர்மோர். இரவு மாடியில் பாய் விரித்துச் சாப்பாடு. 2024-இல் இதெல்லாம் சேர்த்து ஆளுக்கு 150 ரூபாய் வாங்கினார். விலைக்கு நியாயமானது என்றுதான் சொல்வேன்.

ருசி? கம்மங்கூழ் முதல் தரம். நீர்மோரில் இஞ்சியும் பெருங்காயமும் கைவிரலால் எடுத்துப் போட்ட அளவு, ஆனால் தினமும் ஒரே அளவு. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கேனை வைத்து அக்காவின் தம்பி கொண்டுவருவார். நாங்கள் எந்தத் தெருவில் நின்றாலும் ஐந்தரைக்கு ஹாரன் சத்தம் கேட்கும். அந்த நேரம் தவறாமையை நான் பெரிதாக நினைக்கிறேன். "இன்னும் பத்து வீடு முடிச்சிட்டா மோர் வண்டி வந்துரும்" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் வாட்ஸ்அப்பில் போட்ட உற்சாகச் செய்திகள் எதுவும் அவர்களைப் பத்து வீடு நடக்க வைத்ததாக ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 11 ரம்ஜான் வரைக்கும் எங்களில் மூன்று பேர் நோன்பு வைத்திருந்தார்கள். இதை நான் சொல்ல மறந்திருக்கலாம் என்று அக்காவே கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர்களுக்கு மட்டும் மோர் வண்டியில் தனிப் பை. பேரீச்சம்பழம், வாழைப்பழம், ஒரு பாட்டில் நன்னாரி சர்பத். ஆறே கால் மணிக்குள் கைக்கு வந்துவிடும். பில்லில் அதற்குத் தனியாக எதுவும் போடவில்லை.

இனி மாடிக்கு வருகிறேன். இந்த மெஸ்ஸுக்கு நான் மதிப்பெண் போடுவதே அந்த மாடிக்குத்தான்.

வீடு வீடாகப் போகிறவர்களை ஓய்த்துப்போடுவது நடை இல்லை, வசவு. கதவைத் திறந்தவுடன் விழும் வார்த்தை. பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு இரண்டு வீட்டில் அது கிடைத்தால் மூன்றாவது வீட்டில் வாயே வராது. ஒருங்கிணைக்கிறவர்கள் பெரும்பாலும் "அதெல்லாம் கண்டுக்காதீங்க" என்பார்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா வேறு மாதிரி. எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்ததும் கரண்டியோடு வந்து நிற்பார். "இன்னைக்கு யாருப்பா அதிகமா வசவு வாங்குனது?" ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பெரிய வசவு வாங்கினவருக்கு ஒரு ஆம்லெட் இனாம். தீர்ப்பு அக்காவுடையது, அப்பீல் கிடையாது.

முதல் இரவில் ஒரு பி.காம். மாணவி சாப்பிடாமல் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பெரியவர் அவளிடம், "அஞ்சு வருஷமா வாசல்ல சாக்கடை ஓடுது, இப்பத்தான் உங்களுக்கு வழி தெரிஞ்சுச்சாக்கும்?" என்று கத்தி, நீட்டிய நோட்டீஸை அந்தச் சாக்கடையிலேயே போட்டிருக்கிறார். நாளைக்கு வரமாட்டேன் என்று என்னிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அக்கா கேட்டதும் வேறு வழியில்லாமல் சொன்னாள். தபால்காரர் உடனே, "இது என்னம்மா, நான் சர்வீஸ்ல இருந்தப்ப மணியார்டர் வரலைன்னு ஒரு ஆச்சி என் சைக்கிள் சாவியப் பிடுங்கி வச்சுக்கிருச்சு" என்றார். ஆட்டோ அண்ணன் அவர் வாங்கியதைச் சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. அக்கா யோசித்து, "நோட்டீஸ் சாக்கடைக்குள்ள போயிருக்கு, அதனால பிள்ளைக்குத்தான்" என்று ஆம்லெட்டை அவள் இலையில் வைத்தார். மாடியே சிரித்தது, அவளும்தான்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அதன்பிறகு நடந்தது. ஆம்லெட்டுக்காகப் பிள்ளைகள் வசவை வார்த்தை மாறாமல் ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். யார், எந்தத் தெரு, எதற்குக் கோபம் என்று எல்லாம் சேர்ந்தே வந்தது. இந்தத் தெருவில் குடிதண்ணீர், அந்தத் தெருவில் முதியோர் பென்ஷன், அடுத்ததில் தோண்டிப் போட்ட பள்ளம். மறுநாள் எந்தத் தெருவுக்கு யாரை அனுப்புவது, என்ன பேசச் சொல்வது என்பதை அந்தக் கதைகளை வைத்தே தீர்மானித்தேன். இதற்கென்று ஒரு படிவம் அச்சடித்து வைத்திருந்தோம். அது கட்டாகவே இருந்தது, கடைசியில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றப் பயன்பட்டது.

சிலருக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. அக்கா எல்லாக் கட்சிக்கும் சமைப்பார். எங்கள் பாய்க்கு அடுத்த பாயில் எதிர்க் கட்சி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மேல்மட்டத்தில் ஒருவர், திட்டமெல்லாம் வெளியே போய்விடும் என்று பதறினார். என்ன பெரிய திட்டம்? நாளைக்குக் காலையில் எந்தச் சந்தில் நடப்போம் என்பது சந்தில் இருக்கிற நாய்க்கே தெரியும். உண்மையில் நடந்தது என்னவென்றால், அவர்கள் பிள்ளைகளும் அதே வெயில், அதே வசவு என்று தெரிந்தபிறகு எங்கள் பிள்ளைகள் தெருவில் அவர்களைக் கண்டால் முறைப்பதை விட்டுவிட்டார்கள். ஒரு நாள் ஆம்லெட் அந்தப் பாய்க்குப் போனது, நியாயமான தீர்ப்புதான். மாடியில் எத்தனை ஓட்டு வரும், யார் ஜெயிப்பார் என்ற பேச்சுக்கு மட்டும் தடை. எடுத்தால் அக்கா ரசத்தை நிறுத்திவிடுவார்.

அப்புறம் சித்திரைத் திருவிழா. மதுரைக்கு இது புதிதில்லை. 2019-இல் தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஏப்ரல் 18 அன்று ஒன்றாக வந்து, இங்கே மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப் போட விட்டார்கள். 2024-இல் ஏப்ரல் 12 கொடியேற்றம், 19 வாக்குப்பதிவு, அதே நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். பிரச்சாரத்தின் கடைசி நாட்களில் தினமும் இரவு மாசி வீதிகளில் சாமி புறப்பாடு. அந்த நேரத்தில் ஆளைப் பிடித்து வைத்தால் உடம்பு இங்கே இருக்கும், மனசு மாசி வீதியில் இருக்கும். அக்கா தானாகவே இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு இழுத்துவிட்டார். "சாமி பாத்துட்டு வந்தாத்தான் டீச்சர் காலைல எந்திரிப்பாங்க" என்றார். நானும் நடையைச் சுருக்கிக்கொண்டேன். காலையில் ஒருவர்கூடக் குறையவில்லை.

வாக்குப்பதிவு நாள்தான் எந்தச் சமையல்காரருக்கும் சோதனை. ஓட்டு ஏழு மணிக்குத்தான், ஆனால் இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி ஓட்டு. வேட்பாளர் சார்பில் பூத்துக்குள் உட்காருகிற ஏஜென்ட் ஐந்தரைக்கு உள்ளே இருக்க வேண்டும். செல்போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது, மாற்று ஏஜென்ட் வந்தால்தான் எழுந்து வரலாம், மாலை ஆறுக்கு முடிந்தபிறகும் பதிவான ஓட்டுக் கணக்கு எழுதுகிற 17சி படிவத்தில் கையெழுத்து வாங்காமல் கிளம்ப முடியாது. 2024-இல் வெளியே இருநூறு மீட்டர் தள்ளி, ஒரு மேசை, இரண்டு நாற்காலியோடு உட்கார்ந்தவர்களுக்கு வெயில். அக்கா விடிகாலை நாலரைக்கு இட்லியையும், கூடவே மத்தியானப் பொட்டலத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார். ஏப்ரலில் காலையில் கட்டிய தயிர்ச்சாதம் மத்தியானம் புளித்து வாயில் வைக்க முடியாது என்று நான் பயந்தேன். அவர் சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி சேர்த்தார். பன்னிரண்டரைக்குப் பிரித்தபோது அப்போதுதான் பிசைந்த மாதிரி இருந்தது. தொட்டுக்கொள்ள மாவடு. உருளைக்கிழங்கு வறுவல் கேட்டதற்கு, "தூங்கிருவாங்க, கள்ள ஓட்ட யாரு பாக்குறது?" என்று மறுத்துவிட்டார்.

கணக்கு விஷயத்திலும் கெட்டிக்காரர். மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 95 லட்சம். டீயும் சாப்பாடும் அந்தக் கணக்கில்தான் ஏறும், அதற்குத் தேர்தல் அலுவலகம் விலைப்பட்டியலே வைத்திருக்கும். ரொக்கமாக ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, வங்கி வழியாகத்தான். அக்கா தேதி போட்டு, ஆள் எண்ணிக்கை போட்டுக் கையால் எழுதிய பில் தந்தார், காசோலை வாங்கிக்கொண்டார். பொட்டலத்தில் சின்னம் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னபோது மட்டும் முடியவே முடியாது என்றார். பிறகு ஒரு நாள் பறக்கும் படை எக்ஸ்எல்லை மறித்துக் கேனைத் திறக்கச் சொன்னபோது, அந்தப் பில்லும் வெறும் இலைப் பொட்டலமும்தான் தம்பியைக் காப்பாற்றின. வாக்காளருக்குச் சோறு கொண்டுபோகிறார் என்று எழுதியிருந்தால் எங்கள் கதி என்ன?

குறைகள் உண்டு. காபி சுமார் என்பதற்கும் கீழே. சாம்பாரில் வெல்லம் கூடுதல், சொன்னாலும் கேட்க மாட்டார். மாடிப்படி செங்குத்து, தபால்காரரை இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இல்லை, பக்கத்து வீட்டைத்தான் கேட்க வேண்டும். கடைசி வாரம் ஒரு நாள் மூன்று கட்சிகளும் ஒன்றாக வந்து சேர்ந்து, எங்களுக்குச் சோறு வடிக்க ஒன்பதரை ஆகிவிட்டது. அன்றைக்கு ஆம்லெட் தீர்ப்பும் இல்லை, எல்லோரும் உர்ரென்று இருந்தார்கள்.

ஆர்டர் கொடுப்பவர்களுக்கு: தேர்தல் தேதி அறிவித்த வாரமே போய்விடுங்கள், பிறகு இடம் கிடைக்காது. பாதிப் பணம் முன்பணம். ஆள் எண்ணிக்கையை முந்தின இரவு பத்துக்குள் சொல்ல வேண்டும். அசைவம் புதன், ஞாயிறு மட்டும். மோர் கேனைக் கழுவித்தான் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் ஹாரன் சத்தம் உங்கள் தெருவுக்குக் கடைசியாகத்தான் வரும்.