மாடிக்கு நெட்: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, ஒரே ஒரு கேபிளா?

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கருங்கல் சுவர் வைத்த பழைய வீடுகள் இன்னும் உண்டு. மேலே கான்கிரீட் போட்டு ஒரு மாடி எடுத்திருப்பார்கள். ஃபைபர் லைன் கீழே ஹாலோடு நின்றுவிடும். பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளை மாடி அறையில். மீட்டிங் நடுவே குரல் விட்டுவிட்டுக் கேட்கும். அதற்காக விலை கூடிய பிளானுக்கு மாறாதீர்கள். தடை லைனில் இல்லை. நடுவில் இருக்கும் கல்லிலும் கான்கிரீட் கம்பியிலும்தான்.

போன் ஹாட்ஸ்பாட் அவசரத்துக்குச் சரி. சார்ஜ் தீரும், போன் சூடாகும், அவ்வளவுதான்.

ரிப்பீட்டர் என்பது ரவுட்டரின் வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் சின்னப் பெட்டி. அதன் கவர்ச்சி, சாக்கெட்டில் சொருகினால் வேலை முடிந்தது என்பது. ஆனால் ஒரே பேண்டில் (அலைவரிசையில்) ஓடும் மலிவு ரிப்பீட்டர், ரவுட்டரிடம் வாங்கியதை அதே சேனலில்தான் லேப்டாப்புக்கு அனுப்ப வேண்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வைக்கிற இடமும் பெரும்பாலும் தப்பு. சிக்னலே வராத அறையில் சொருகுவார்கள். லேப்டாப்பில் எல்லாக் கோடும் நிறைந்து தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. அந்தக் கோடுகள் காட்டுவது ரிப்பீட்டருக்கும் லேப்டாப்புக்கும் உள்ள தொடர்பை மட்டுமே. மாடிப்படித் திருப்பத்தில், கீழ் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைத்தால் ஓரளவு தேறும். சுவரில் ஓட்டை போட முடியாத வாடகை வீட்டுக்கு இது போதும்.

மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் அமைப்பு, நல்ல பொருள். நடந்துகொண்டே பேசினாலும் போன் அடுத்த பெட்டிக்குத் தானாக மாறிக்கொள்ளும். ஆனால் அந்தப் பெட்டிகளும் கேபிள் போடாதவரை காற்று வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை தடித்த சுவரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். செங்கல் சுவர் வைத்த புது வீட்டில் தாராளமாக வாங்கலாம். கல் வீட்டுக்கு அவ்வளவு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் ஓட்டு கேபிளுக்கே. கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் ஒன்றை வெளிச்சுவர் ஓரமாகப் பைப்புக்குள் விட்டு மாடிக்கு ஏற்றி, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரில் மாட்டுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். வாங்கும்போது கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துபவர் (கிரிம்ப் செய்பவர்) எட்டு கம்பியையும் சேர்க்கிறாரா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். நான்கோடு விட்டால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது.

பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அந்த ரவுட்டரின் முகவரியை மாற்றுங்கள், கீழே 192.168.1.1 என்றால் மேலே 192.168.1.2. கேபிளை வேன் போர்ட்டில் (வெளி லைனுக்கான துளை) அல்ல, லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) சொருக வேண்டும். இதைச் செய்தால்தான் மாடி லேப்டாப்பும் ஹாலில் உள்ள பிரிண்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், 2.4இல் சேனலை மட்டும் 1, 6, 11இல் ஆளுக்கொன்றாகப் பிரித்து வையுங்கள்.

மாந்தோப்பு மோட்டார் ரூம் கேமராவுக்கும் இதே கேபிளை இழுக்கலாமா என்றால், கூடாது. திறந்தவெளியில் போகும் செம்புக் கம்பி, பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு முனைக் கருவிகளையும் கருக்கிவிடும். அங்கே ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியை கேபிளின் மின் சிக்னலாகவும் மறுபடி ஒளியாகவும் மாற்றும் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, தூரமும் 100 மீட்டரோடு நிற்காது. உலோகக் கம்பி சேராத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள்.