டோட்டல் ஸ்டேஷன் கேமராவால் பாலத்தின் அசைவை அளப்பது: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டவை

தொலைநோக்கிக்குள்ளேயே கேமரா பொருத்திய டோட்டல் ஸ்டேஷனை (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் நில அளவைக் கருவி) பாலங்களின் தொய்வையும் அதிர்வையும் அளக்கப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். பலர் அந்தக் கேமராவை ஆவணத்துக்குப் படம் எடுக்கும் வசதியாகவே நினைக்கிறார்கள். பால வேலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கருவியின் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்பேன்.

முடுக்கத்தை அளக்கும் ஆக்ஸிலரோமீட்டர் அதிர்வெண்ணை நன்றாகச் சொல்லும். ஆனால் பாரம் ஏற்றிய லாரி நடுவில் வந்து நின்றதும் கர்டர் (பாலத்தைத் தாங்கும் உத்திரம்) எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று கேட்டால் அதனிடம் நேரடிப் பதில் கிடையாது. முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டு இடப்பெயர்ச்சியைப் பிடிக்கப் போனால், சின்னப் பிழையும் வளர்ந்து கோடு எங்கோ போய்விடும். கேமராவில் லாரி நுழையும்போது மெல்ல இறங்கும் கோடு, அதன் மேல் ஏறி வரும் நடுக்கம், லாரி போன பிறகு அடங்கும் அதிர்வு எல்லாமே ஒரே பதிவில் வருகின்றன. அதற்காகவே இந்த முறையை நான் விடவில்லை.

பிக்சலைக் கோணமாக மாற்ற வெளியிலிருந்து எந்த அளவுகோலும் வேண்டாம். அசையாத ஒரு குறியைப் பார்த்துக்கொண்டே தொலைநோக்கியைத் தெரிந்த கோணம் திருப்பினால், குறி படத்தில் எத்தனை பிக்சல் நகர்ந்தது என்று தெரிந்துவிடும். என் கருவியில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 1.7 கோண வினாடி (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்குதான் கோண வினாடி). 100 மீட்டர் தூரத்தில் அது 0.8 மி.மீ. பாலத்தில் ஒட்டிய வட்டக் குறியின் மையத்தைக் கணக்கிட்டால் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு வரை பிரித்தறியலாம். ஒன்று மட்டும் கவனம்: பிக்சலுக்கு இத்தனை கோணம் என்று கண்டுபிடித்த பிறகு ஃபோகஸைத் தொடக் கூடாது, தொட்டால் படமே நகரும். பதிவின்போது, கருவி தானாகத் திரும்பிக் குறியைத் துரத்தும் தானியங்கிப் பின்தொடர்தலையும் அணைத்துவிடுங்கள். மோட்டாரின் சிறு திருத்தங்கள் பாலத்தின் அசைவுபோலவே தெரியும்.

இனி, கருவியின் விவர அட்டையில் வராத விஷயம். பத்தில் ஒரு பிக்சல் என்பதெல்லாம் காற்றும் தரையும் ஒத்துழைத்தால்தான். வெயிலில் தார்ச்சாலைக்கு மேலாகப் பார்க்கும்போது குறி கொதிக்கிற மாதிரி நெளியும், பதிவில் இரைச்சல் பல மடங்காகும். மேகமூட்டமான நாளும் இரவும்தான் நல்ல நேரம். இரவுக்கு எல்.இ.டி விளக்குக் குறி அருமையாக வேலை செய்கிறது. தரைப் பிரச்சினை இன்னும் சூழ்ச்சியானது. லாரி பாலத்தை மட்டும் ஆட்டுவதில்லை, நாம் ட்ரைபாட் வைத்திருக்கும் இடத்தையும் ஆட்டும். கருவி ஒரு கோண வினாடி சாய்ந்தாலே 100 மீட்டரில் அரை மில்லிமீட்டர் பொய்யாகப் பதிவாகும். அசையாத புள்ளி ஒன்றையும் அதே படத்தில் வைத்துக் கழித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பார்வைப் புலத்தின் மூலைவிட்டம் 1.5 பாகைதான். 100 மீட்டரில் அது 2.6 மீட்டர், அதற்குள் அப்படியொரு புள்ளி அரிதாகவே கிடைக்கும். அதனால் சாய்வு உணரியின் பதிவையும் கூடவே சேமிக்கிறேன். போக்குவரத்து ஓடும்போதே நிலையான புள்ளி ஒன்றைத் தனியாகச் சில நிமிடம் பதிவு செய்கிறேன். அந்த இரைச்சலுக்குக் கீழே உள்ள எதையும் பாலத்தின் அசைவு என்று அறிக்கையில் எழுதுவதில்லை.

அடுத்தது ஃபிரேம் வேகம். நொடிக்கு 30 படம் என்றால் அதில் பாதி, அதாவது 15 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 15 அதிர்வு) வரைதான் நம்பலாம். நீளமான பாலங்களின் முதல் இயல்பு அதிர்வெண் பெரும்பாலும் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மக்கள் நடக்கும் வேகம் 2 ஹெர்ட்ஸ் அளவில், ஆகவே இது தாராளம். ஆனால் நொடிக்கு 10 படமாகக் குறைத்தால் 12 ஹெர்ட்ஸ் அதிர்வு 2 ஹெர்ட்ஸாக வேஷம் போட்டு வரும். நடப்பவர்களால் வந்தது என்று தவறாக முடிவுகட்ட அது போதும். படங்களின் இடைவெளியும் சீராக இருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் நேரமுத்திரை எடுத்து, இடைவெளியைச் சீராக்கிய பிறகே, அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் கணக்குக்குப் போகிறேன்.

குறி ஒட்ட முடியாத இடத்தில் போல்ட் தலை, ரிவெட் போன்றவற்றைப் பின்தொடரலாம். நீண்ட பதிவில் மட்டும் வேண்டாம், வெயில் நகர நகர நிழலும் நகரும், கணினி அதை அசைவு என்றே எடுத்துக்கொள்ளும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் செங்குத்து அசைவு குறைவாகத் தெரியும். 30 பாகை ஏற்றத்தில் 0.87 பங்குதான் தெரியும், திருத்தாமல் விடக் கூடாது.

கேமரா பார்வைக்கோட்டுக்குக் குறுக்கான அசைவைத்தான் காட்டும் என்பதால், எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எது தெரியும் என்பது அமைகிறது. லண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்து இரண்டே நாளில் மூடப்பட்டதற்குக் காரணம் பக்கவாட்டு ஆட்டம். தூண்களுக்கு இடையிலான நடுப்பகுதியில் அது 0.5 ஹெர்ட்ஸ், 1 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அளவுகளில் இருந்தது. அப்படிப்பட்ட நடைபாலத்தைப் பக்கவாட்டிலிருந்து நேர்குறுக்காகப் பார்த்தால் செங்குத்து அசைவு கிடைக்கும், பக்கவாட்டு ஆட்டம் கிட்டத்தட்ட மறைந்துபோகும். பாலத்தின் நீளவாக்கில் நின்று பார்க்க வேண்டும்.

வேலை பெரிதென்றால் அதே புள்ளியில் ஓர் ஆக்ஸிலரோமீட்டரையும் வைக்கிறேன். 15 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை அது பார்த்துக்கொள்ளும், மில்லிமீட்டர் கணக்கைக் கேமரா சொல்லும். இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்றால், லாரி விரிவு இணைப்பை (வெப்பத்தில் பாலம் நீள்வதற்காக விடும் இடைவெளி) தாண்டும்போது வரும் குலுக்கலை இரண்டு பதிவிலும் தேடிப் பொருத்திக்கொள்ளலாம்.